மாப்பிள்ளை கேட்ட ஜீப் சாவி

ராயபுரம், திருப்பூர்.
ஞாயிற்றுக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை மகுடேஸ்வரன் அவர்களுக்கு,

மச்சான் லிங்கசாமி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் ஜெயசுதாவும் பட்டறையில் ஓடுகிற சாய மிஷின்களும் நலம். அங்கே தாங்களும், என் தங்கை அனுசுயாவும், செல்லக்கண்ணு சுபஸ்ரீயும், புதிதாகக் குத்திய அவளுடைய இரண்டு காதுகளும், தென்னையும் மாடுகன்றும் நலமாக இருக்க மாகாளியம்மனை வேண்டுகிறேன். ஜீப்பின் நலம் பற்றி மட்டும் இங்கிருந்து என்னால் எதுவும் எழுத முடியவில்லை. அது உங்களிடம் இருக்கிறது.

இந்தக் காலத்தில் கடிதமா என்று நினைப்பீர்கள். வேறு என்ன செய்வது? காது குத்து முடிந்ததிலிருந்து ஒரு வாரமாக உங்களுக்குப் போன் செய்கிறேன், அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. வாட்ஸ்அப்பில் காலை வணக்கம் அனுப்பினேன், பூ போட்டு அனுப்பினேன், முருகன் படம் போட்டும் அனுப்பினேன், எதற்கும் நீல டிக் விழவில்லை. அனுசுயாவிடம் கேட்டால், "அவரு தோட்டத்துல இருக்கறாருங்கண்ணா, அப்பறம் பேசறேனுங்கண்ணா" என்று வைத்துவிடுகிறாள். அவள் எதையோ மறைக்கிறாள் என்று குரலிலேயே தெரிகிறது. கூடப் பிறந்தவனுக்குத் தெரியாதா? நீங்கள் என்மேல் கோபமாக இருக்கிறீர்கள். இருக்க வேண்டியதுதான். கல்யாணமாகி எத்தனையோ வருஷம் கழித்து, ஏறாத கோயில் எல்லாம் ஏறிப் பிறந்த ஒரே குழந்தை. அவளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், தாய்மாமன் கொண்டுவருகிற தோட்டைத்தான் போட வேண்டும். அந்த மடியும் அந்தத் தோடும் நல்ல நேரத்தில் கோயிலில் இல்லாமல், உங்கள் ஊர் எல்லையில் ஒரு தென்னந்தோப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. ஏன் நின்றன என்பதை நடந்தது நடந்தபடி எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்கள் என்ன முடிவு சொன்னாலும் கட்டுப்படுகிறேன்.

என் ஜீப்பை வாங்கிய நாளிலிருந்தே நீங்கள் "அந்தப் பழைய இரும்பு" என்றுதான் சொல்லி வருகிறீர்கள். மறுக்கவில்லை. பழசுதான், டீசல்தான், மழைக்கு ஒழுகும்தான். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, சேற்றிலும் கல்லிலும் ஏறிவிடும். அதைவிடப் பெரிய சௌகரியம் ஒன்று அதில் இருக்கிறது, ஓட ஆரம்பித்துவிட்டால் போன் அடிப்பது காதில் விழாது. ஞாயிற்றுக்கிழமையானால் நான் அதில் ஏறி மலையடிவாரம் பக்கம் போய்விடுவது அதற்காகத்தான். ஆர்டர் கொடுத்த பையர் கத்தினாலும் கேட்காது, கலர் மேட்ச் ஆகவில்லை என்று மெர்ச்சண்டைசர் பொண்ணு அழுதாலும் கேட்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு இருந்த ஒரே குறை, உள்ளே இருக்கிற டெம்பரேச்சர் முள். வாங்கிய நாளிலிருந்து அது நட்டநடுவில் நிற்கிறது. குளிரில் கிளப்பினாலும் நடு, வெயிலில் மேடேறினாலும் நடு. மெக்கானிக் ஆத்தப்பன், "டீசல் வண்டிக்கு எமனே சூடுதானுங்க, மொதல்ல அந்த முள்ள மாத்துங்க, கடைல நல்ல மீட்டரே கெடைக்குது" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் கேட்டேனா? சூட்டை அளக்கிற சமாச்சாரத்தை எனக்கு ஒருத்தர் சொல்லித் தர வேண்டுமா? விடிந்தால் எழுந்தால் எத்தனை டிகிரி, எத்தனை டிகிரி என்றே பிழைப்பு நடத்துகிறவன் நான்.

அதனால், காது குத்துக்கு முந்தின வாரம் என் டையிங் மாஸ்டர் மயில்சாமியைக் கூப்பிட்டு, ஸ்டோரில் சும்மா கிடந்த சாய மிஷின் மீட்டரை ஜீப்பில் மாட்டச் சொன்னேன். சிவப்பு எழுத்தில் டிகிரி காட்டும், வைத்த சூடு வந்ததும் பஸ்ஸர் அடிக்கும், அருமையான மீட்டர். ரேடியேட்டருக்குப் போகிற மேல் ஹோஸை நடுவில் வெட்டி, மூன்று வாய் உள்ள ஒரு டீ பைப்பைச் செருகி, அதற்குள் சென்சார் குச்சியை இறக்கி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினோம். மீட்டருக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும் என்பதால் ஒரு இன்வெர்ட்டரும் ஜெயசுதா உட்கார்கிற சீட்டுக்கு அடியில் குடியேறியது. அவளிடம் அதைச் சொல்லவில்லை. சோதித்துப் பார்க்க சாமளாபுரம் வரை ஒரு சுற்றுப் போய்வந்தோம். எண்பத்திரண்டு டிகிரி, போகும்போதும் எண்பத்திரண்டு, வரும்போதும் எண்பத்திரண்டு. எனக்கு வந்த பெருமையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கே உங்களுக்குப் போட்டோ அனுப்பினேன், நீங்கள் ஒரு கும்பிடு மட்டும் போட்டீர்கள்.

"வாடகைக் கார்ல வாங்க மச்சான்" என்று மறுநாள் போனில் சொன்னீர்கள். வந்திருப்பேன். ஆனால் சுபஸ்ரீ போனைப் பிடுங்கி, "மாமா, நீங்க டர்ர் வண்டிலதான் வரோணும், நானு உங்ககூட அதுலதான் உக்காருவேன்" என்று சொல்லிவிட்டாள். அஞ்சு வயசுப் பிள்ளை ஆசையாகக் கேட்கிறது, தாய்மாமன் என்று ஒருத்தன் இருந்து என்ன பிரயோஜனம்? "வரேன் கண்ணு, ஜீப்புலயே வரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்றைக்குக் காலையில் ஒறம்பரை, சொந்தபந்தம் எல்லோரையும் வேனில் முன்னால் அனுப்பிவிட்டு, சீர்த்தட்டு, பட்டுப்பாவாடை, மாலை, பழம், வளையல், தோடு எல்லாவற்றோடும் ஜீப்பில் கிளம்பினோம். நான் வண்டி ஓட்ட, மீட்டரைக் கவனிப்பதற்கென்றே மயில்சாமி என் பக்கத்தில், ஜெயசுதா பின்னால் தட்டுகளுக்கு நடுவில். கிளம்புகிற கடைசி நேரத்தில் பிளெக்ஸ் கடைக்காரன் பேனரைக் கொண்டுவந்து கொடுத்தான். "தாய்மாமன் சீர் வருகிறது, வழி விடுங்கள்" என்று மேலே எழுதி, நடுவில் சுபஸ்ரீயின் பிறந்தநாள் படம், இரண்டு மூலையிலும் நானும் ஜெயசுதாவும் கை கூப்பிக்கொண்டு. ஜீப்பின் முகத்துக்கு அளவெடுத்து அடித்ததுதான். ஒரு மூலை கூட ஆடாமல் நாலு பக்கமும் இழுத்துக் கட்டினோம். தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். எனக்கு ஒரே சந்தோஷம்.

பல்லடம் தாண்டும்போது எண்பத்தெட்டு. "ஏறுதுங்க மொதலாளி" என்றான் மயில்சாமி. சீர் பாரம், வெயில், ஏறத்தானே செய்யும் என்றேன். தொண்ணூற்றொன்று. தொண்ணூற்று மூன்று. மயில்சாமி பதறியிருக்க வேண்டும் இல்லையா? பதறவில்லை. அவன் முகத்தில் ஒரு திருப்தி. "எவ்வளவு சீரா ஏறுது பாருங்க, துளி ஆட்டமில்லீங்க, நம்ம மூணாம் நம்பர் மிஷினு கூட இப்பிடி ஏறாதுங்க" என்றான். தொண்ணூற்றைந்து வந்ததும், "ப்ளீச்சிங் ஹீட்டு வந்துருச்சுங்க" என்று சீட்டில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தான். சாயப்பட்டறையில் சூடு ஏறவில்லை என்றால்தான் திட்டு விழும். ஏறிவிட்டால் டீ குடிக்கலாம். இத்தனை வருஷமாக அவனை அப்படிப் பழக்கியவனே நான்தான், அவனை எப்படிக் குறை சொல்வது?

தொண்ணூற்றெட்டில் பஸ்ஸர் அடித்தது. அபாயம் என்றால் அடிக்கட்டும் என்று நாங்கள் இருவரும் சேர்ந்து யோசித்து வைத்த சூடு அது. அடித்த மாத்திரத்தில் மயில்சாமியின் கை தானாகப் போய்ப் பட்டனை அமுக்கி நிறுத்திவிட்டது. "என்னடா சத்தம்?" என்று கேட்டேன். "ஒன்னுமில்லீங்க மொதலாளி, செட் பண்ணுன ஹீட்டு வந்துருச்சுங்க" என்றான். நானும், மாப்பிள்ளை, என் வாயால், "அப்பச் சரி" என்றேன். என் காதும் அதே பட்டறைக் காதுதானே!

உடுமலை தாண்டி உங்கள் ஊர் ரோட்டில் திரும்பியபோது நூறைத் தாண்டிவிட்டது. அப்போதுதான் எனக்கு இது துணி வேகிற சூடு இல்லை, இன்ஜின் வேகிற சூடு என்று உறைத்தது. ஓரங்கட்டலாம் என்று நினைத்தேன், நல்ல நேரம் முடியப்போகிறது, கோயிலோ இன்னும் கொஞ்ச தூரம்தான். மாகாளியம்மா, சூட்டை இறக்கு, உனக்கு எலுமிச்சம்பழ மாலை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டி வாயை மூடவில்லை, டிகிரி இறங்க ஆரம்பித்தது! தொண்ணூறு. எண்பது. எழுபது. நான் ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். மயில்சாமியும் போட்டுக்கொண்டான். பின்னால் இருந்து ஜெயசுதா கேட்டாள், "ஏனுங்க, உள்ள தண்ணியே இல்லாமப் போயிருந்துச்சுன்னா அந்தக் குச்சி எதைய அளக்குமுங்க?" நல்ல காரியத்துக்குப் போகும்போது அபசகுனமாகப் பேசாதே என்று அவளை அடக்கிவிட்டேன். அறுபது வந்தது. அறுபது எங்கள் தொழிலில் ராசியான சூடு, பருத்தித் துணிக்குச் சாயம் பிடிக்கிற சூடு. மயில்சாமி துள்ளிவிட்டான். "மொதலாளி, அறுபதுங்க! சாயமே போடலாமுங்க!" என்றான். அதே நிமிஷம் இன்ஜின் ஒரு கத்து கத்தி, இரண்டு உதறு உதறி நின்றுவிட்டது.

இறங்கி பானெட்டைத் திறந்தால் அனல் முகத்தில் அடித்தது. ஆவி கூட வரவில்லை, ஆவியாகத் தண்ணீர் வேண்டுமே. நாங்கள் முறுக்கிய கிளாம்ப் கழன்று, டீ பைப் ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழுக்க ரோட்டில் போயிருக்கிறது. தண்ணீர் போன வெறும் பைப்பில் சென்சார் குச்சி வெளிக்காற்று வாங்கிக்கொண்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பது என்று எங்களுக்கு நல்ல செய்தியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. ஜெயசுதா கேட்டது சரிதான். அவளிடம் நான் இன்னும் அதை ஒப்புக்கொள்ளவில்லை, தாங்களும் சொல்ல வேண்டாம். பழைய முள்ளை எட்டிப் பார்த்தேன். அது நடுவில் நின்றது.

அந்த வழியாக உங்கள் ஊர் டிராக்டர் ஒன்று தேங்காய் மட்டை லோடோடு வந்தது. கையைக் காட்டி நிறுத்திச் சீர்த்தட்டுகளை மேலே ஏற்றினோம். பட்டுச்சேலையோடு ஜெயசுதா மட்டைக் குவியலின் உச்சியில் ஏறி உட்கார்ந்தாள். முகத்தில் சூடு ஏறிக்கொண்டே போனது, அவள் பஸ்ஸர் இல்லாத ரகம். மயில்சாமி மட்டும், "பாப்பா மூஞ்சிய ரோட்டுல உட்டுப்போட்டு வர முடியாதுங்க" என்று பேனரை அவிழ்க்கப் போனான். அவிழ்த்தவன் அப்படியே நின்றான். நாங்களும் பார்த்தோம். பேனருக்குப் பின்னால் ரேடியேட்டர் இருந்தது. காற்று நுழைகிற ஒரே வழி அதுதான், அதைத்தான் நாலு பக்கமும் இழுத்துக் கட்டி, வழி விடுங்கள் என்று எழுதி அடைத்திருக்கிறோம். குழந்தையின் சிரித்த முகத்தை வைத்து வண்டிக்கு மூச்சு முட்ட வைத்துவிட்டோம், மாப்பிள்ளை. அடைத்தது முழுக்க முழுக்கப் பாசம்தான், ஆனால் இன்ஜினுக்கு அதைச் சொன்னால் புரியுமா?

டிராக்டர் கோயில் வாசலுக்கு வந்தபோது நல்ல நேரம் முடிந்திருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் விடக்கூடப் பஞ்சாங்கம் பார்க்கிறவர் நீங்கள். ஆசாரி ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அனுசுயா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள், அவள் கண் கலங்கியிருந்தது எனக்கு மட்டை லோடு மேலிருந்தே தெரிந்தது. உங்கள் பெரியப்பா, "ஒன்னுவிட்ட மாமன் ஒருத்தரு இங்கயே இருக்கறாருங்களே, அவரு மடியில உக்கார வெச்சுக் குத்திப்போடலாமுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நீங்கள் எழுந்திருக்கக்கூட இல்லை. "மாமன் வந்தாத்தானுங்க நல்ல நேரம்" என்றீர்கள். அந்த வார்த்தையைக் கேட்டு, மட்டை மேல் உட்கார்ந்தபடியே எனக்கு அழுகை வந்துவிட்டது. ஊர்க்காரர்கள் தூசி விழுந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள்.

மடியில் உட்கார்ந்த சுபஸ்ரீ கேட்ட முதல் கேள்வி, "மாமா, ஜீப்பு எங்க?" நான் தோட்டை எடுத்து ஆட்டிக் காட்டினேன். ஊசி ஏறும்போது அவள் அழுதது காது வலித்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். என் காதுக்குப் பக்கத்தில் அழுததால் எனக்குத் தெரியும், அவள் "ஜீப்பூ, ஜீப்பூ" என்றுதான் அழுதாள்.

அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் பேசவேயில்லை. பந்தியில் என் இலைக்கு நீங்களே வந்து வடையை இரண்டாவது தடவை வைத்தீர்கள், அதுவும் பேசாமல். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தவனிடம் கையை நீட்டி, "சாவி" என்றீர்கள். ஒரே ஒரு வார்த்தை. சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனீர்கள். பொழுது சாயும் நேரத்தில், உங்கள் டிராக்டர் என் ஜீப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவதை வேன் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பறிமுதல் செய்த வண்டியைப் போலீஸ் இழுத்துப் போவது மாதிரி இருந்தது.

ஒரு வாரமாக யோசித்து நான் எடுத்த முடிவு இதுதான். எனக்காக நல்ல நேரத்தையே விட்ட மனுஷனைவிட எனக்கு ஒரு ஜீப் பெரிதில்லை. அந்தப் பக்கம் பழைய இரும்பு எடுக்கிறவர்கள் யார் வந்தாலும் ஜீப்பைக் கொடுத்துவிடுங்கள். இதையே என் சம்மதமாக வைத்துக்கொள்ளுங்கள். உடைப்பதை மட்டும் எனக்குச் சொல்லாதீர்கள், போட்டோவும் அனுப்ப வேண்டாம். சுபஸ்ரீ கேட்டால் மாமன் கார் வாங்குகிறான் என்று சொல்லிச் சமாளியுங்கள். இனி எந்த விசேஷத்துக்கும் முந்தின நாளே பஸ்ஸில் வந்து சேர்ந்துவிடுகிறேன், பேனர் வைக்க மாட்டேன், சூடு என்கிற வார்த்தையைப் பட்டறைக்கு வெளியே பேசமாட்டேன். என்மேல் உள்ள கோபத்தை மாற்றிக்கொண்டு ஒரே ஒரு தடவை போனை எடுங்கள், அது போதும்.

தங்களுக்கும் அனுசுயாவுக்கும் எங்கள் அன்பு. உங்கள் பெரியப்பாவுக்கு நமஸ்காரம். குழந்தை நூறு வயசு இருந்து, அந்தத் தோட்டைத் தன் பேத்திக்குப் போட்டு அழகு பார்க்கட்டும்.

இப்படிக்கு,
தாய்மாமன் என்கிற தகுதிக்கு இன்னமும் ஆசைப்படுகிற,
லிங்கசாமி

பின்குறிப்பு: மேலே உள்ள எதையும் படிக்க வேண்டாம். கடிதத்தை மடிக்கும்போதே அனுசுயா போன் செய்துவிட்டாள். "அண்ணா, அவரு கோவமா இருக்கறாருன்னு நெனச்சுட்டீங்களா? ஒரு வாரமா ஜீப்புக்கு அடியிலயே கெடக்கறாருங்கண்ணா. தோட்டத்துப் பழைய ஆயில் இன்ஜினக் கழட்டி மாட்டுன கைதானே, ஹெட்டக் கழட்டி கேஸ்கெட்டு மாத்திப்போட்டாரு. ஓடுன பொறவு சொல்லிக்கலாம், இப்பச் சொன்னா மச்சான் மறுக்கா ஒரு மீட்டரத் தூக்கிட்டு ஓடியாந்துருவாருன்னு சொல்லி என்ற வாயக் கட்டிப்போட்டாருங்கண்ணா" என்று சிரிக்கிறாள். அடியில் கிடந்தவரைக்கும் எண்ணெய்க் கையால் போனைத் தொடவில்லையாம், நேற்றிலிருந்து இன்ஜின் ஓடுகிற சத்தத்தில் போன் கேட்கவில்லையாம். போனை அந்தப் பக்கம் நீட்டினாள். டர்ர் என்று கேட்டது, அதற்கு மேல் சுபஸ்ரீயின் கூச்சல். பிறகு நீங்களே வாங்கி, "மச்சான், அந்த மீட்டரு இன்னொன்னு இருக்குதுங்களா? ஒன்னு தண்ணிக்கு இருக்கட்டுமுங்க. இன்னொன்ன இன்ஜின் ஹெட்டு இரும்புலயே வெச்சுப்போடலாம், தண்ணி தீந்தாலும் காட்டுமுங்க" என்றீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை குழந்தையை ஏற்றிக்கொண்டு ஜீப்பை நீங்களே ஓட்டி வருவதாகவும், பேனரைக் கட்டாமல் அவள் ஏற மாட்டேன் என்பதால் இந்தத் தடவை பின்னால் கட்டியிருப்பதாகவும் சொன்னீர்கள். நான் மீட்டர் எடுக்க ஸ்டோருக்குக் கிளம்பிவிட்டேன், ஜெயசுதாதான் போனை வாங்கிப் பதில் சொன்னாள்.

மீட்டரும் சென்சாரும் மயில்சாமியிடம் பஸ்ஸில் வருகின்றன. சுற்றுவதற்குக் காகிதம் தேடினேன், கைக்கு இந்தக் கடிதம்தான் கிடைத்தது. பின்குறிப்பு மேலாக இருக்கும்படி மடித்திருக்கிறேன், உள்பக்கத்தைப் பிரிக்காமல் அடுப்பில் போட்டுவிடவும். முக்கியமாகப் பழைய இரும்புக்காரர் யார் கண்ணிலும் அது பட்டுவிடக் கூடாது. பஸ்ஸர் அடித்தால் வண்டியை ஓரங்கட்டவும். வெள்ளிக்கிழமை உங்களோடு ஜீப்பில் திரும்பி வரும்போது மயில்சாமியைப் பின் சீட்டில் உட்கார வைக்கவும்.